துப்பாக்கி ஏந்திய கையில் காமிரா

புலியைக் கொன்றவனை வீரன் என்று பாராட்டுவது உலக வழக்கம். புலிக்குப் பத்தடித் தொலைவில் மூச்சடக்கிப் படுத்திருந்து, அதற்குச் சிறு தீங்கும் செய்யாமல், அது நடப்பதையும் கிடப்பதையும் படம் பிடித்து வந்தவனை என்ன சொல்லிப் பாராட்டுவது? அதற்கு நம்மிடம் பழைய சொல் இல்லை. ஏனெனில் அந்த வீரம் புதியது.

இந்த இருவகை வீரமும் ஒருவரிடமே குடிகொண்டிருந்தன. அவர்தாம் ஜிம் கார்பெட். வடநாட்டிற்குப் படிக்க வந்துள்ள நாம் கார்பெட் தேசியப் பூங்கா என்ற பெயரை அடிக்கடி கேட்கிறோம். விடுமுறையில் சிலர் போயும் வருகிறோம். ஆட்கொல்லிப் புலிகளைச் சுட்டு வீழ்த்தியவர் என்பதே அவரைப் பற்றி நம்மில் பலர் அறிந்த செய்தி. புலியைச் சுட்டவரின் பெயரைப் புலிகளின் புகலிடத்திற்கு ஏன் வைத்தார்கள் என்ற ஐயம் எனக்கு நெடுநாள் இருந்தது. அந்த ஐயம் தீர அவர் வரலாற்றைத் தேடிப் படித்தேன். படித்ததன் பயனே இக்கட்டுரை.

எட்வர்டு ஜேம்ஸ் கார்பெட் 1875ஆம் ஆண்டு ஜூலை 25ஆம் நாள் நைனிதாலில் பிறந்தார். தந்தையார் அவ்வூர் அஞ்சல் நிலையத் தலைவர். பிள்ளைகள் பலர் நிறைந்த பெரிய குடும்பம். 1881இல், ஜிம்முக்கு ஆறு வயது நிரம்பும் முன்பே, தந்தையார் இறந்துவிட்டார். தாயார் மேரி ஜேன் குடும்பத்தைத் தாங்கினார். கோடையில் நைனிதால் மலையிலும், குளிர்காலத்தில் அடிவாரத்துக் காலாடுங்கியிலும் அவர்கள் வாழ்ந்தார்கள்.

அந்தக் காலாடுங்கிக் காடே சிறுவன் ஜிம்முக்கு உண்மையான பள்ளிக்கூடம். முதலில் கையில் இருந்தது கவண். பிறகு, பறவைகளைத் திரட்டி ஆராய்ந்துகொண்டிருந்த உறவினர் ஒருவர் பழைய இரட்டைக் குழல் துப்பாக்கி ஒன்றைக் கொடுத்தார். அதன் ஒரு குழல் பிளந்துபோனது, மற்றொன்றுதான் சுடும். மருந்தும் குண்டும் மிகக் குறைவு. ஆகவே ஒரு குண்டையும் வீணாக்காமல், விலங்கின் அருகே ஓசையின்றி நெருங்கக் கற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று. எந்தப் பறவை ஏன் கத்துகிறது, மான் எதைக் கண்டு குரல் கொடுக்கிறது, ஈர மண்ணில் பதிந்த கால்சுவடு எவ்வளவு நேரத்திற்கு முந்தையது என்பவற்றையெல்லாம் பாடம்போல் படித்தார். இந்தக் கல்விதான் பிற்காலத்தில் துப்பாக்கிக்கும் உதவியது, காமிராவுக்கும் உதவியது.

மேற்படிப்புக்கு வீட்டில் வசதி இல்லை. இருபது வயது நிரம்பும் முன்பே ரெயில்வே வேலைக்குப் போனார். கங்கைக் கரையில் மொகாமே காட் என்னும் இடத்தில், சரக்குகளை ஏற்றி இறக்கும் ஒப்பந்தக்காரராக இருபது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தார். மணம் செய்துகொள்ளவில்லை. அவர் தமக்கை மேகி இறுதிவரை அவருடன் வாழ்ந்தார்.

1907இல் குமாயூன் மலைநாட்டிலுள்ள சம்பாவத் ஊரை ஒரு பெண்புலி நடுங்க வைத்துக்கொண்டிருந்தது. நேபாளத்திலும் குமாயூனிலுமாக அது 436 பேரைக் கொன்றதாகக் கணக்கு. கார்பெட் அதனைத் தேடிச் சென்றார். புறப்படுமுன் அரசாங்கத்திடம் இரண்டு நிபந்தனைகள் விதித்தார். அறிவித்திருந்த பரிசுப் பணத்தை நீக்கிவிட வேண்டும். மற்ற வேட்டைக்காரர்களைத் திரும்ப அழைத்துக்கொள்ள வேண்டும். பணத்திற்காக உயிர் கொல்பவர் என்ற பெயர் தமக்கு வரக்கூடாது என்பது அவர் எண்ணம்.

புலியைச் சுட்டு வீழ்த்திய பின் அதன் வாயைத் திறந்து பார்த்தார். வலப்பக்கத்தின் மேல் கோரைப்பல்லும் கீழ்க் கோரைப்பல்லும் உடைந்திருந்தன. எப்போதோ ஒரு வேட்டைக்காரன் சுட்ட குண்டினால் வந்த ஊனம் அது. இயற்கையாக உண்ண வேண்டிய இரையைப் பிடிக்க முடியாமற் போனதால்தான் அது மனிதனை நாடியது. அந்த 436 உயிர்களுக்கும் முதற் காரணம் புலி அன்று. குறி தவறிய ஒரு துப்பாக்கி!

பின்னும் பல ஆட்கொல்லிகளை அவர் வீழ்த்தினார். பத்ரிநாத்துக்கும் கேதார்நாத்துக்கும் செல்லும் யாத்திரிகர்களின் வழியில் 1918 முதல் 1926 வரை 125 பேரைக் கொன்ற ருத்ரப்பிரயாகைச் சிறுத்தை அவற்றுள் ஒன்று. இக்கதைகளை அவர் நூல்களிலேயே படித்துக்கொள்ளலாம், நான் விரித்துரைக்கவில்லை. அதிகம் பேசப்படாத மற்றொரு பாதிக்கு வருகிறேன்.

ஐக்கிய மாகாணக் காடுகளில் எஃப். டபிள்யூ. சாம்பியன் என்ற வனத்துறை அதிகாரி பணியாற்றிவந்தார். அவருக்குச் சுடுவதில் விருப்பம் இல்லை. புலி நடக்கும் தடத்தில் மெல்லிய கம்பியைக் கட்டி வைப்பார். இரவில் புலியின் கால் அதில் பட்டதும் விளக்கு மின்னும். காமிராவில் படம் பதியும். இப்படங்களைத் தொகுத்து 1927இல் ஒரு நூலாக வெளியிட்டார். அந்நூலைப் பார்த்த கார்பெட்டின் உள்ளத்தில் புதிய ஆசை பிறந்தது. சாம்பியன் எடுத்தவை இரவில் விளக்கொளியில் எடுத்த அசையாப் படங்கள். பகலில், இயல்பாக நடமாடும் புலியைச் சினிமாப் படமாக எடுத்தால் என்ன என்று எண்ணினார். நண்பர் ஒருவர் 16 மில்லிமீட்டர் பெல் அண்டு ஹவல் காமிரா ஒன்றைப் பரிசளித்தார்.

பெயர்பெற்ற வேட்டைக்காரருக்கு இது எளிய வேலையாக இருந்திருக்கும் என்று தோன்றும். நடந்தது வேறு. பத்து ஆண்டுகள் காமிராவோடு காடெல்லாம் அலைந்தார். ஏறத்தாழ இருநூறு முறை புலியைக் கண்டார். ஆயினும் மனநிறைவு தரும் படம் ஒன்றுகூட அமையவில்லை. சில படங்களில் ஒளி மிகுந்தது, சிலவற்றில் குறைந்தது. சிலவற்றில் புல்லும் இலையும் குறுக்கே வந்தன. லென்சின்மீது சிலந்தி நூல் படிந்து கெட்டதும் உண்டு. துப்பாக்கிக்கு ஒரு நொடி போதும், காமிராவுக்குப் போதாது. நல்ல வெளிச்சமும், மறைப்பில்லாத இடமும், நெடுநேரம் அஞ்சாமல் நடமாடும் விலங்கும் வேண்டும். பத்து ஆண்டுத் தோல்வியைப் பொறுத்துக்கொண்டாரே, அதுவே அவர் வாழ்வில் என்னை மிகவும் கவர்ந்த பகுதி.

1938இல் ஒரு குளிர்காலம் முழுவதையும் இதற்கே ஒதுக்கினார். ஐம்பது கஜ அகலமுள்ள திறந்த பள்ளம் ஒன்றைத் தேர்ந்தார். நடுவே சிற்றோடை, இருபுறமும் அடர்ந்த காடு. காமிரா ஓடும்போது எழும் ஓசை புலியின் காதில் விழுந்துவிடுமல்லவா? அதற்கு ஒரு வழி கண்டார். ஓடையைப் பல இடங்களில் கல்லிட்டு அடைத்து, சில அங்குல உயரமே உள்ள சின்னஞ்சிறு அருவிகளை உண்டாக்கினார். நீர் விழும் ஓசையில் காமிராவின் ஓசை கரைந்துபோயிற்று. மூன்று வெவ்வேறு இடங்களில் ஏழு புலிகள் இருப்பதைக் கண்டறிந்து, அவற்றைச் சிறிது சிறிதாக அப்பள்ளத்தை நோக்கி வரச்செய்தார். இருள் பிரியுமுன், பனி நனைத்த சருகில் ஓசை எழாத வேளையில், தவழ்ந்து சென்று தம் இடத்தில் படுத்துக்கொள்வார். வெளிச்சம் வரும்வரை காத்திருப்பார்.

ஏழில் ஒன்று மறுநாளே போய்விட்டது. எஞ்சிய ஆறையும் ஆயிரம் அடிச் சுருளில் படம் பிடித்தார். அவ்வாண்டு மழை மிகுதி. ஈரத்தாலும் வேறு கோளாறுகளாலும் பல நூறு அடி பாழாயிற்று. தேறியது சுமார் அறுநூறு அடி. திரையில் ஓட்டினால் அரை மணி நேரங்கூட வராது. நாலரை மாத உழைப்பின் பலன் அவ்வளவே. ஆனால் அதில் பத்தடி முதல் அறுபதடித் தொலைவில், பட்டப்பகலில், நான்கு ஆண்புலிகளும் இரண்டு பெண்புலிகளும் உலவின. பெண்புலிகளுள் ஒன்று வெண்புலி. அத்தனை நாளிலும் எந்தப் புலியும் அவரைப் பார்க்கவே இல்லை!

இங்கே ஓர் உண்மையை மறைக்காமல் சொல்ல வேண்டும். காமிராவைக் கையில் எடுத்த அன்றே அவர் துப்பாக்கியைக் கீழே போட்டுவிடவில்லை. பவல்கட் காட்டில் மிகப் பெரிதென்று புகழ்பெற்றிருந்த ஆண்புலியை 1930இல் சுட்டார். அது ஆட்கொல்லி அன்று. அதைச் சுட வேண்டிய கட்டாயம் எதுவும் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. 1938இலேயே, தக் என்னும் சிற்றூரில் ஓர் ஆட்கொல்லிப் புலியையும் சுட்டார். அப்போது அவருக்கு வயது 63. அதுவே அவர் வீழ்த்திய கடைசி ஆட்கொல்லி. ஆறு புலிகளுக்கு அழியாத உருவம் கொடுத்ததும் அதே ஆண்டுதான். மனமாற்றம் என்பது கதைகளில் ஒரே இரவில் நடக்கும். மனித வாழ்வில் பல ஆண்டுகள் பிடிக்கும். இதை அறிந்த பின் அவர்மீது எனக்கிருந்த மதிப்புக் குறையவில்லை. அவரை நம்மைப் போன்ற ஒரு மனிதராகக் காண முடிந்தது.

சுட்ட புலியின் தோல் சுட்டவனுக்கு மட்டுமே பெருமை. சில ஆண்டுகளில் முடி உதிர்ந்து குப்பைக்குப் போகும். எடுத்த படமோ பார்ப்பவர் அனைவருக்கும் உரியது. காட்டில் புலியின் எண்ணிக்கையும் குறைவதில்லை. சாம்பியனை எடுத்துக்காட்டாகக் காட்டிக் கார்பெட் இக்கருத்தை எழுதினார். எழுதியதோடு நிற்கவில்லை. காட்டைக் காக்க வேண்டுமென்று இடைவிடாது வாதாடினார். அம்முயற்சிகளின் பயனாக, கவர்னர் மால்கம் ஹெய்லியின் பெயரால் 1936இல் இந்தியாவின் முதல் தேசியப் பூங்கா அமைந்தது. மக்களின் மனம் திரும்பாவிட்டால் புலி அழிந்துபோகும் என்று, 1944இல் வெளியான தம் முதல் பெருநூலிலேயே எச்சரித்தார்.

1947 நவம்பரில் கார்பெட்டும் மேகியும் கென்யாவுக்குக் குடியேறினார்கள். அங்கே நியேரி என்னும் ஊரில் 1955 ஏப்ரல் 19ஆம் நாள் அவர் காலமானார். அதன்பின் அப்பூங்காவுக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. 1973இல் புலிகள் பாதுகாப்புத் திட்டமும் அப்பூங்காவிலேயே தொடங்கப்பெற்றது. காலாடுங்கியில் அவர் வாழ்ந்த வீடு இன்று அருங்காட்சியகமாக உள்ளது. நைனிதால் செல்லும் நண்பர்கள் பார்த்து வரலாம்.

சாம்பியன் கட்டிய கம்பிக்கும் ஒரு பெரிய வாரிசு உண்டு. 2018ஆம் ஆண்டுப் புலிக் கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் தானே இயங்கும் காமிராக்களை வைத்தார்கள். அவை ஏறக்குறைய மூன்றரைக் கோடிப் படங்களை எடுத்தன. ஒரு புலியின் வரிகள் மற்றொன்றுக்கு இரா. ஆகவே படத்தைக் கொண்டே ஒவ்வொரு புலியையும் தனித்தனியே எண்ணிவிடுகிறார்கள். 1972இல் நாடு முழுவதும் 1,827 என்று கணக்கிட்ட புலிகள், 2022ஆம் ஆண்டு மதிப்பீட்டில் சுமார் 3,682.

இன்று நம் ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் காமிரா இருக்கிறது. வடநாட்டுக் காடொன்றில் நான் கண்ட காட்சி இது: சாலையைக் கடக்க நின்ற ஒரு புலியைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு வண்டிகள் முண்டியடித்தன, எல்லாக் கைகளும் உயர்ந்தன, வந்த வழியே புலி திரும்பிவிட்டது. அங்கே துப்பாக்கி இல்லை. ஆயினும் வேட்டையின் அவசரம் அப்படியே இருந்தது. காமிராவைப் பிடித்தவன் எல்லாம் காட்டின் நண்பன் ஆகிவிட மாட்டான். தன்னால் விலங்கின் நடை மாறாதபடி நடந்துகொள்பவனே நண்பன்.

நண்பர்களே, காட்டுக்குப் போகும்போது கல் அடுக்கிக் கட்டிய அந்தச் சிறு அருவிகளை நினைத்துக்கொள்ளுங்கள். புலியின் காதுக்குத் தொல்லை தரக்கூடாது என்று ஓடையின் ஓட்டத்தையே திருத்தி அமைத்தார் ஒருவர். அவர் பெயரைப் புலிகளின் புகலிடத்திற்கு வைத்தது பொருத்தமே.