கண்ணாடித் தொட்டிக்குள் கடலைக் கொணர்ந்தவர்

கால்வாயில் பிடித்த சிறு மீன்களைப் போத்தலில் இட்டு மகிழும் நம் பிள்ளைகள், இரண்டொரு நாளில் அவை இறந்து மிதக்கக் கண்டு வாடுவதை நாம் பார்த்திருக்கிறோம். நீர் தெளிவாகத்தானே இருந்தது, தீனியும் போட்டோமே என்று அவர்கள் கேட்பர். அக்கேள்விக்கு விடை தேடியவர்களுள் ஒருவர் பிலிப் ஹென்றி காஸ் என்னும் ஆங்கிலேயர்.

1810ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள் ஊஸ்டர் நகரில் பிறந்த காஸ், பூல் என்னும் துறைமுகப் பட்டினத்தில் வளர்ந்தார். தந்தையார் ஊர் ஊராகச் சென்று சிற்றோவியம் தீட்டிப் பிழைத்தவர். வறுமை காரணமாகக் காஸ் தமது 17ஆம் வயதில் கடல் கடந்து நியூபவுண்ட்லாந்து சென்று, ஒரு வணிக நிலையத்தில் எழுத்தராக அமர்ந்தார். கணக்கெழுதியது போக எஞ்சிய நேரமெல்லாம் பூச்சிகளைச் சேர்த்தும் படம் வரைந்தும் தாமே கற்றார். பின்னர் கனடாவில் உழவு செய்தார். அலபாமாவில் ஆசிரியப் பணி புரிந்தார். ஜமைக்காவில் பறவைகளை ஆராய்ந்தார். பல்கலைக்கழகப் படியேறாத அவரை 1856இல் இலண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினராக ஏற்றுக்கொண்டது.

1852இல் டெவன் கடற்கரையில் தங்கியபோது, கடலுயிர்களைத் தொட்டியில் வாழவைக்க முனைந்தார். இராபர்ட் வாரிங்டன் என்னும் வேதியியலார், தொட்டியில் பொன்மீனும் நீர்ச்செடியும் வைத்து, அழுகிய இலைகளை உண்ண நத்தைகளையும் விட்டு ஆராய்ந்து, 1850இல் முடிவை வெளியிட்டிருந்தார். செடி வெளியிடும் உயிர்வளியை மீன் சுவாசிக்கும். மீன் வெளியிடும் கரியமில வாயுவைச் செடி ஏற்கும். கடற்பாசிகளைக் கொண்டு காஸும் இவ்வுண்மையைக் கண்டார். 1853இல் இலண்டன் விலங்ககத்தில் மீனகம் திறக்கப்பட்டபோது, அதற்குக் கடலுயிர்களைத் திரட்டித் தந்தவர் அவரே. அடுத்த ஆண்டு அவர் எழுதிய நூலால் ‘அக்குவாரியம்’ என்னும் பெயர் நிலைபெற்றது.

கடலுக்குத் தொலைவில் வாழ்வோர் என் செய்வர்? கடல்நீரின் வேதிப் பகுப்பைப் படித்து, காஸ் தாமே கடல்நீர் ஆக்கினார். நாலரை லிட்டருக்குச் சற்றுக் குறைந்த நீரில் சமையலுப்பு ஏறத்தாழ 100 கிராம், பேதியுப்பு 7 கிராம், மக்னீசியம் குளோரைடு 13 கிராம், பொட்டாசியம் குளோரைடு இரண்டரை கிராம், அவ்வளவே. பேதிக்குக் குடிக்கும் உப்பு கடலிலும் உண்டென்பது நம் பிள்ளைகளுக்கு நகைப்பூட்டலாம்! அந்நீரில் முதலில் பாசி படர்ந்த கற்களை இட்டுச் சில நாள் விட்டுவைத்தார். பிறகே உயிர்களை விட்டார். அவர் வேலையில் நாம் பெரிதும் வியப்பது இந்தப் பொறுமையைத்தான்.

அக்கற்களோடு கண்ணுக்குப் புலப்படாத துணைவர்களும் வந்திருப்பர் என்பதை அவர் அறியார். மீனின் கழிவும் மிஞ்சிய தீனியும் அம்மோனியா என்னும் நஞ்சாகின்றன. நீர் பளிங்குபோல் தெளிந்திருப்பினும் அது மீனைக் கொல்லும். ஒருவகை நுண்ணுயிர்கள் அதனை நைட்ரைட்டாக்கும், அதுவும் நஞ்சே. வேறொரு வகை அதனைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாக்கும். இவ்விரு வகையும் தனித்தனி என்பதை ருஷ்ய அறிஞர் வினோகிராட்ஸ்கி மெய்ப்பித்தது 1890ஆம் ஆண்டளவில். புதுத் தொட்டியின் மணலிலும் வடிகட்டியிலும் இவை பெருகப் பெரும்பாலும் நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதற்குமுன் மீன்களை நிறைய விடுவதே பல இல்லங்களில் அவை மடியக் காரணம். குழாய் நீரிலுள்ள குளோரினும் செவுளைத் தாக்கும். திறந்த வாளியில் ஒருநாள் வைத்தால் அது வெளியேறும். குளோரமின் கலந்த நீராயின் மீன் கடையில் கிடைக்கும் மருந்தை இடவேண்டும்.

காஸின் நூல்களைப் படித்த மக்கள் வாளியும் உளியும் ஏந்திக் கடற்கரைக்குத் திரண்டனர். பாறைக் குட்டைகளில் இருந்த கடற்சாமந்திகளைப் பெயர்த்தெடுத்தனர். சில ஆண்டுகளில் அக்குட்டைகள் வெறுமையாயின. தாம் மூட்டிய ஆர்வமே இதற்குக் காரணம் என்று காஸ் மனம் நொந்ததை, அவர் மைந்தர் எட்மண்ட் 1907இல் எழுதிய நூலில் பதித்துள்ளார். தந்தையார் அதற்கு முன்பே, 1888ஆம் ஆண்டு ஆகஸ்டு 23ஆம் நாள், டெவன் கடற்கரையை அடுத்த தம் இல்லத்தில் மறைந்துவிட்டார்.