ட்வேன் ஜோன்ஸ்: ஓர் இரவுக்குள் அடைக்கப்பட்ட வாழ்வு

அமெரிக்காவில் 1960களிலும் 70களிலும் சொற்பச் செலவில் எடுக்கப்பட்ட பேய்ப்படங்களைப் பற்றிய நினைவேக்கம் இன்று ஒரு தனித்தொழிலாகவே வளர்ந்திருக்கிறது. காரில் அமர்ந்தபடியே பார்த்த திறந்தவெளி அரங்குகள், நள்ளிரவுக் காட்சிகள், தேய்ந்த வீடியோ கேசட்டுகள் என்று அந்த ஏக்கத்திற்கெனப் பொருட்களும் சடங்குகளும் உருவாகிவிட்டன. 'கல்ட் சினிமா' எனப்படும் அந்த வரிசையின் தலைமாட்டில் இருப்பது 1968இல் வெளியான 'நைட் ஆஃப் த லிவிங் டெட்'. இறந்தவர்கள் எழுந்துவந்து உயிருள்ளோரைத் தின்னும் கதை. ஏறத்தாழ 1,14,000 டாலரில், கறுப்பு வெள்ளையில் எடுக்கப்பட்டது. இரத்தத்திற்குப் பதில் சாக்லேட் பாகு ஊற்றிய கதையை ரசிகர்கள் அலுக்காமல் சொல்வார்கள். இயக்குநர் ஜார்ஜ் ரொமேரோவைக் கொண்டாடுவார்கள். நாயகனாக நடித்த ட்வேன் ஜோன்ஸ் மட்டும், பேய்ப்படமொன்றின் நாயகனான முதல் கறுப்பின நடிகர்களுள் ஒருவர் என்ற ஒரு வரித் துணுக்கோடு முடிந்துவிடுவார்.

அந்த ஒரு வரிக்கு வெளியே அவருக்கு ஒரு வாழ்க்கை இருந்தது. 1930களில் பிறந்தவர், பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றவர், பாரிஸின் சோர்போனில் பயின்றவர். ஆங்கில ஆசிரியராகப் பணியாற்றியதோடு மொழிப்பயிற்சித் திட்டங்களையும் வகுத்தார். நாடக மேடை அவருடைய இன்னொரு வீடு. 1967இல் பிட்ஸ்பர்க் நகரத்து விளம்பரப்பட நண்பர்கள் சிலர் பணம் திரட்டி ஒரு பேய்ப்படம் எடுக்க முனைந்தபோது, நடிப்புத் தேர்வுக்குச் சென்ற ஜோன்ஸ் முப்பதை ஒட்டிய, நன்கு கற்ற மனிதர்.

திரைக்கதையில் பென் என்னும் அந்தப் பாத்திரம் அதிகம் படிக்காத ஒரு டிரக் ஓட்டுநர். அவன் நிறம் எழுத்தில் குறிக்கப்படவில்லை. வந்தவர்களுள் சிறப்பாக நடித்தவரைத் தேர்ந்தெடுத்தோம், நிறத்தை நாங்கள் கருதவே இல்லை என்று ரொமேரோ இறுதிவரை கூறிவந்தார். அவர் பொய் சொன்னதாக நான் கருதவில்லை. எனினும் அந்த விளக்கத்தில் ஒரு பாதிதான் இருக்கிறது. அலுவலகத்திலும் கல்லூரியிலும் நீதிமன்ற வளாகத்திலும் தாங்கள் சாதி பார்ப்பதில்லை என்று பெருமிதத்தோடு சொல்வோரை நாம் அன்றாடம் சந்திக்கிறோம். பார்க்காமல் இருக்கும் வசதி அவர்களுக்கு வாய்த்திருக்கிறது. எதிரில் நிற்பவருக்கு அது வாய்ப்பதில்லை. கறுப்பர் என்பதற்காகத் தாம் தேர்வானதாக ஜோன்ஸும் எண்ணவில்லை. ஆனால் தாம் கறுப்பராக இருப்பதாலேயே அந்தப் படம் வேறொரு வரலாற்றுப் பொருளைச் சுமக்கப்போகிறது என்பதை அவர் உணர்ந்திருந்தார். படக்குழுவில் அதை முதலில் உணர்ந்தவர் அவர்தான்.

ஆகவே அவர் பாத்திரத்தையே மாற்றினார். கொச்சையாக எழுதப்பட்டிருந்த வசனங்களைத் தம் இயல்பான, திருந்திய மொழியில் பேசினார். பென் திரையில் நிதானமானவனாக, திட்டமிடுபவனாக, பிறரது மடமையைப் பொறுக்காதவனாக ஆனான். பண்ணை வீட்டின் சன்னல்களுக்குப் பலகை அடிக்கிறான். பித்துப்பிடித்தவள்போல் ஆகிவிட்ட வெள்ளையினப் பெண்ணை அறைகிறான். கோழையான வெள்ளைக் குடும்பத் தலைவன் ஒருவனோடு மோதி, முடிவில் அவனைச் சுட்டும் விடுகிறான். படம் நெடுகிலும் எவரும் அவன் நிறத்தைப் பற்றி ஒரு சொல் பேசுவதில்லை. அந்த மௌனத்தை இன்று முற்போக்கு என்று பாராட்டுகிறார்கள். ஜோன்ஸோ அந்த அறைக்காட்சியை எண்ணிக் கவலைப்பட்டார்; இளைஞர்களான படக்குழுவினர் அதை மிகையென்று கருதினர்.

காலத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். வெள்ளையரும் கறுப்பரும் மணந்துகொள்வதைக் குற்றமாக்கிய சட்டங்கள் 16 மாநிலங்களில் எஞ்சியிருந்தன. அவற்றை 'லவிங் எதிர் வர்ஜீனியா' வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் செல்லாதென அறிவித்தது 1967 ஜூன் 12இல். அதே கோடையில்தான் படப்பிடிப்பு தொடங்கியது. தீர்ப்பு வந்த மறுநாளே தெருவின் பார்வை மாறிவிடுவதில்லை என்பதை வழக்கறிஞர்கள் நன்கறிவோம். படப்பிடிப்பு நாட்களில் ஒருமுறை, படக்குழுவைச் சேர்ந்த பெண்ணொருவருடன் காரில் திரும்பிக்கொண்டிருந்த ஜோன்ஸை இளைஞர்கள் சிலர் இரும்புக் கம்பியைக் காட்டி மிரட்டித் துரத்தினர். தாங்கள் திரையில் உருவகமாகச் சொல்ல முயன்ற எதையும்விட அமெரிக்காவின் இனக் கொடுங்கனவு மோசமானது என்ற எண்ணம் அன்று முதல் தம்மை விட்டு அகலவில்லை என்று இருபது ஆண்டுகள் கழித்தும் அவர் நினைவுகூர்ந்தார்.

படத்தின் இறுதிக்காட்சி அந்த இரவிலிருந்து வெகுதொலைவில் இல்லை. எல்லோரும் மடிந்தபின் பென் மட்டும் நிலவறையில் உயிரோடு எஞ்சுகிறான். விடிகிறது. ஷெரிஃபின் தலைமையில் துப்பாக்கிகளோடும் நாய்களோடும் ஒரு கூட்டம் வயலைக் கடந்து வருகிறது. சன்னலருகே வந்து பார்க்கும் பென்னை நடமாடும் பிணமென்று கருதி நெற்றியில் சுட்டுவிடுகிறார்கள். பிறகு படம் அசையாப் புகைப்படங்களாகிவிடுகிறது. இறைச்சிக் கொக்கிகளோடு குனியும் மனிதர்கள், இழுத்துச் செல்லப்படும் உடல், விறகுக் குவியல். அமெரிக்கத் தெற்கில் கறுப்பர்களைக் கும்பலாக அடித்துக் கொன்று, பக்கத்தில் நின்று படமெடுத்து, அதை அஞ்சலட்டையாக அச்சிட்டு விற்ற வரலாறு தெரிந்த எவருக்கும் அந்தப் படங்கள் எதைச் சொல்கின்றன என்பது விளங்கும். பென்னைப் பிழைக்கவைத்துவிடலாம் என்ற யோசனையும் இருந்தது. மறுத்தவர் ஜோன்ஸ். அத்தனைக்கும் பிறகு அவனை எளிதாகக் காப்பாற்றிவிடுவது போலித்தனம், கறுப்பினப் பார்வையாளர்கள் அதைவிட அவன் மரணத்தையே ஏற்பார்கள் என்பது அவர் வாதம். பிரதியைக் காரில் வைத்துக்கொண்டு ரொமேரோ நியூயார்க்கிற்குச் சென்ற இரவில் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட செய்தி வானொலியில் வந்தது.

1968 அக்டோபர் 1இல் பிட்ஸ்பர்க்கில் வெளியான இந்தப் படம் இவ்வளவு பேரைச் சென்றடைந்ததற்கு ஒரு சட்டக் காரணமும் உண்டு. முதலில் வைத்திருந்த தலைப்பை விநியோக நிறுவனம் மாற்றியபோது, தலைப்பு அட்டையில் இருந்த பதிப்புரிமைக் குறிப்பைப் புதிய அட்டையில் சேர்க்கத் தவறிவிட்டது. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி, குறிப்பில்லாமல் வெளியிட்ட படைப்பின் உரிமை பறிபோய்விடும். படம் பொதுவுடைமையானது. எந்தத் தொலைக்காட்சியும் ஒளிபரப்பலாம். எந்தக் கடைக்காரரும் கேசட் போட்டு விற்கலாம். எடுத்தவர்களுக்குப் பெருநட்டம், ஆனால் அந்தப் பிழை இல்லாவிடில் இத்தனை தலைமுறைகளின் நினைவேக்கம் உருவாகியிருக்காது. சட்டக் கல்லூரி விடுதியில் பைசா செலவின்றி நான் இதைப் பார்க்க முடிந்ததும் அதனால்தான்.

ஜோன்ஸின் அடுத்த இரு முக்கியப் படங்களுக்கு நேர்ந்ததை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். கறுப்பின இரத்தக் காட்டேரிப் படமொன்று லாபம் தரும் என்று கணக்கிட்ட தயாரிப்பாளர்கள் பில் கன் என்ற கறுப்பினக் கலைஞரை அணுகினர். அவர் எடுத்துத் தந்தது 'கஞ்சா அண்ட் ஹெஸ்' (1973). அதில் ஜோன்ஸ் செல்வச் செழிப்புள்ள மானிடவியல் அறிஞர். பண்டைய ஆப்பிரிக்கக் கத்தியால் குத்தப்பட்டுச் சாவற்றவராகி, இரத்தத்திற்கு அடிமையாகிறார். கிறித்தவமும் ஆப்பிரிக்க நினைவும் வர்க்கக் குற்றவுணர்வும் பின்னிக்கிடக்கும் படம் அது. கான் விழாவின் விமர்சகர் வாரத்தில் திரையிடப்பட்டது. உள்நாட்டில் வசூல் இல்லை என்றதும் உரிமையாளர்கள் அதை வெட்டிச் சிதைத்து வேறு பெயரில் வெளியிட்டார்கள். பில் கன் தம் பெயரை நீக்கிக்கொண்டார். நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் முழுப் பிரதி ஒன்று இருந்ததால்தான் இன்று நமக்கு மூலப்படம் கிடைக்கிறது. உடையவர் இல்லாத படம் வாழ்ந்தது. உடையவர் இருந்த படம் அவர்கள் கையாலேயே வெட்டுப்பட்டது.

கேத்லீன் காலின்ஸ் என்ற கறுப்பினப் பெண் இயக்கிய 'லூசிங் கிரவுண்ட்' (1982) வெட்டுப்படவும் இல்லை, திரையரங்கிற்கே வரவில்லை. கறுப்பினத் தத்துவப் பேராசிரியையும் ஓவியரும் அறிவார்ந்த நடிகரும் பேசிக்கொள்ளும் படத்தை யார் பார்ப்பார்கள் என்று விநியோகத்துறை எண்ணியிருக்கும். பேயும் துப்பாக்கியும் சூழ்ந்திருந்தால் கறுப்பின உடலுக்கு இடமுண்டு, புத்தகம் சூழ்ந்திருந்தால் இல்லை என்பதே அன்றைய கணக்கு என்று எனக்குத் தோன்றுகிறது.

ஜோன்ஸ் திரையை நம்பி வாழவில்லை. ஆன்டியோக் கல்லூரியில் இலக்கியம் கற்பித்தார். 1970களின் பிற்பகுதியில் நியூயார்க்கின் 'பிளாக் தியேட்டர் அலையன்ஸ்' அமைப்பின் நிர்வாக இயக்குநராகக் கறுப்பின நாடகக் குழுக்களுக்காக உழைத்தார். பின்னர் நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஓல்ட் வெஸ்ட்பரி கல்லூரியில் நாடகம் பயிற்றுவித்தார். அங்குள்ள அரங்கு ஒன்று இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. பேய்ப்பட ரசிகர்களின் ஆராதனையிலிருந்து விலகியே இருந்தார். பென்னாக மட்டும் அறியப்படுவதில் அவருக்கு விருப்பமில்லை.

1988 ஜூலை 22இல், 51ஆம் வயதில், இதயம் செயலிழந்து காலமானார். அதே செப்டம்பரில் காலின்ஸும் அடுத்த ஏப்ரலில் பில் கன்னும் மறைந்தார்கள். ஒன்பது மாதங்களுக்குள் மூவர். 1999இல் 'நைட் ஆஃப் த லிவிங் டெட்' அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது. காலின்ஸின் படம் மீட்கப்பட்டு முதன்முறையாகத் திரையரங்குகளுக்கு வந்தது 2015இல். அதில் பில் கன் ஓவியராக வருகிறார். ஜோன்ஸ் தொப்பியும் மேலங்கியுமாக நூலகத்திற்குள் நுழைந்து, வாசித்துக்கொண்டிருக்கும் பேராசிரியையிடம் பேச்சுக் கொடுக்கிறார்.