துன் சம்பந்தன்: பத்து வெள்ளியை நம்பிய தலைவர்



போன மாதம் ஜோர்ஜ்டவுனில் நம்ம மன்றத்தின் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேட்டேன். துன் சம்பந்தன் யார்? கொஞ்ச நேரம் யாரும் வாய் திறக்கவில்லை. பிறகு ஒரு பையன் கையைத் தூக்கி, கோலாலம்பூரில் அது ஒரு மோனோரெயில் நிலையம் என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் வீட்டுக்குத் திரும்பும்போது மனசு கனமாகிவிட்டது. அந்த வயசில் எனக்கும் அவ்வளவுதான் தெரியும். என் பாட்டிதான் எனக்கு அவரைப் பற்றிச் சொல்லித் தந்தார். பாட்டி இப்போது இல்லை. அவர் செய்ததை இன்று நான் உங்களுக்குச் செய்கிறேன்.

தோட்டக்காரரின் மகன்

அவருடைய முழுப் பெயர் வீராசாமி திருஞானசம்பந்தன். தேவாரம் பாடிய பிள்ளையாரின் பெயரைத்தான் அப்பா மகனுக்கு வைத்தார். அப்பா வீராசாமி 1896-ல் தமிழ்நாட்டிலிருந்து மலாயாவுக்கு வந்தவர். அந்தக் காலத்தில் நாகப்பட்டினத்திலிருந்து வந்த கப்பல்கள் முதலில் வந்து நின்ற துறைமுகம் நம்ம பினாங்கு. நோய் பரவாமல் இருக்க, வந்திறங்கிய கூலி ஆட்களை ஜெரஜாக் தீவில் நிறுத்தி வைத்துவிட்டுத்தான் தோட்டங்களுக்கு அனுப்புவார்கள். பாலத்தில் போகும்போது கண்ணில் படுகிறதே, அதே தீவுதான்.

வந்தவர்களில் பெரும்பாலோர் பால்மரக் காட்டில் வேலை செய்து, லயத்திலேயே வாழ்ந்து முடிந்து போனார்கள். வீராசாமி வேறு மாதிரி மேலே வந்தார். பேராக்கில் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் சொந்தமாக ரப்பர் தோட்டம் வைத்த முதல் இந்தியர்களில் அவரும் ஒருவர். அந்த ஊரில்தான் 1919 ஜூன் 16-ம் தேதி சம்பந்தன் பிறந்தார்.

கோலகங்சாரில் கிளிஃபோர்ட் பள்ளியில் படித்தார். பிறகு சிதம்பரத்துக்குப் போய் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் படித்துப் பட்டம் வாங்கினார். இந்திய சுதந்திரப் போராட்டம் மாணவர்களையும் இழுத்துக்கொண்டிருந்த நேரம் அது. சம்பந்தனும் அதில் ஈடுபட்டார். காந்தியின் மேல் அவர் வைத்த பற்று கடைசி வரை குறையவில்லை.

படிப்பு முடிந்து ஊருக்கு வந்தவர் குடும்பத்துத் தோட்டத்தையும் வியாபாரத்தையும் பார்த்துக்கொண்டார். ஒரு ஏக்கரில் எவ்வளவு பால் வரும், மறுநடவுக்கு என்ன செலவு, விலை விழுந்தால் எத்தனை மாதம் தாங்கலாம் என்று கணக்குப் பார்க்கிற வாழ்க்கை. இந்தக் கணக்கை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதுதான் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு உதவியது.

சுங்கை சிப்புட்டில் துப்பாக்கிச் சத்தம்

1948 ஜூன் 16. சம்பந்தனுக்கு 29 வயது நிறைந்த நாள். அன்றைக்கு அதே சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் தோட்ட அதிகாரிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். நாட்டில் அவசரகாலம் பிறந்தது. பன்னிரண்டு வருஷம் நீடித்தது. காட்டில் கம்யூனிஸ்டுகள், வெளியே பட்டாளம், இரண்டுக்கும் நடுவில் தோட்டத்துச் சனங்கள்.

வசதியுள்ளவர்கள் ஒதுங்கிப் போகிற காலத்தில் சம்பந்தன் பொது வாழ்க்கைக்கு வந்தார். சுங்கை சிப்புட்டில் மகாத்மா காந்தி கலாசாலை எழ முன்னின்றார். 1954-ல் நேருவின் தங்கை விஜயலட்சுமி பண்டிட் வந்து அதைத் திறந்து வைத்தார். அந்தத் தமிழ்ப்பள்ளி இன்றும் நடக்கிறது.

வாக்கு இல்லாத தலைவர்

மலாயா இந்தியர் காங்கிரஸ், அதாவது நம்ம ம.இ.கா., 1946-ல் தொடங்கியது. ஜான் திவி, புத் சிங், ராமநாதன், தேவாசர் என்று முதலில் தலைமையில் இருந்தவர்கள் பெரும்பாலும் பட்டணத்துப் படிப்பாளிகள். கட்சிக்கும் லயத்துக்கும் ரொம்ப தூரம் இருந்தது. 1955-ல் சம்பந்தன் ஐந்தாவது தலைவராக வந்த பிறகுதான், தோட்டத்து ஆள் கட்சிக் கூட்டத்துக்குப் போய்த் தமிழில் பேசலாம் என்கிற நிலைமை வந்தது. பதினெட்டு வருஷம் அவர் தலைவராக இருந்தார்.

ஆனால் அவர் கையில் என்ன பலம் இருந்தது? 1955 ஜூலையில் நடந்த முதல் பொதுத் தேர்தலைப் பாருங்கள். வாக்காளர்களில் நூற்றுக்கு எண்பது பேருக்கு மேல் மலாய்க்காரர்கள். இந்தியர்களில் பெரும்பாலோருக்குக் குடியுரிமையே கிடையாது, பிறகு எங்கே ஓட்டு? மொத்தம் 52 தொகுதியில் கூட்டணி 51-ஐப் பிடித்தது. அம்னோவுக்கு 34, ம.சீ.ச.வுக்கு 15, ம.இ.கா.வுக்கு வெறும் இரண்டு. அதில் ஒன்றில் வென்றவர் சம்பந்தன், கிந்தா உத்தாராவில். அடுத்த தேர்தலிலிருந்து சொந்த ஊரான சுங்கை சிப்புட்டின் நாடாளுமன்ற உறுப்பினர்.

ரெண்டு நாற்காலியை வைத்துக்கொண்டு மேசையைத் தட்ட முடியாது. பேசித்தான் வாங்க வேண்டும். துங்கு அப்துல் ரஹ்மானின் நம்பிக்கையைப் பெற்றார். 36 வயதில் தொழிலாளர் அமைச்சரானார். பிறகு சுகாதாரம். 1959 முதல் 1971 வரை பொதுப்பணி, தபால், தந்தித் துறை. புதிதாகப் பிறந்த நாட்டுக்கு ரோடும் டெலிபோனும் போட்ட காலம் அது.

தோட்டத் துண்டாடல்

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

சுதந்திரம் வரப் போகிறது என்றதும் வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல தோட்டங்களை விற்க ஆரம்பித்தன. புதிய நாட்டில் என்ன ஆகுமோ என்கிற பயம் ஒரு பக்கம். மரங்கள் கிழடாகி மறுநடவுக்குப் பணம் போட வேண்டிய நிலை இன்னொரு பக்கம். வாங்கியவர்கள் பெரிய தோட்டத்தைப் பத்து ஏக்கர், இருபது ஏக்கர், ஐம்பது ஏக்கர் என்று வெட்டிச் சின்னச் சின்னப் பேர்களுக்கு விற்று லாபம் பார்த்தார்கள். இதைத்தான் தோட்டத் துண்டாடல் என்று சொன்னோம்.

பத்து ஏக்கர் வாங்கியவருக்கு லயம் எதற்கு? ஆயாக்கொட்டகை எதற்கு? தமிழ்ப்பள்ளி எதற்கு? ஒரு குத்தகைக்காரரை வைத்துப் பால் வெட்டிக்கொள்வார். வேலை போனால் வீடும் போயிற்று, வீடு போனால் பள்ளியும் போயிற்று. தாத்தா காலத்தில் மரத்தடியில் கல் நட்டுக் கும்பிட்ட மாரியம்மன் கோயில் யாரோ ஒருவருடைய நிலத்தில் தனியாக நிற்கும். இன்றைக்கும் கோயில் நிலப் பிரச்சினை என்று நாம் அலைகிறோமே, அதற்கு ஒரு வேர் இங்கே இருக்கிறது.

என் பாட்டி தாத்தா இருந்த தோட்டமும் அப்படித்தான் வெட்டுப்பட்டது. கிராணி வந்து ஒரு தாளைக் கொடுத்துவிட்டுப் போனாராம். பாட்டிக்குப் படிக்கத் தெரியாது. பக்கத்து லயத்துப் பையன் படித்துச் சொன்ன பிறகுதான் புரிந்தது. கோழியையும் அம்மியையும் தூக்கிக்கொண்டு பட்டர்வொர்த் வந்து, ஃபெர்ரி ஏறி, ஜோர்ஜ்டவுனில் ஒரு வாடகை அறையில் ஒண்டினார்கள். என் அப்பா வளர்ந்தது அந்த அறையில்தான்.

இதை எப்படி நிறுத்துவது? சட்டம் போட்டு விற்பனையைத் தடுங்கள் என்று பலர் கேட்டார்கள். அமைச்சரவையில் இருந்தும் சம்பந்தனால் அதைச் செய்விக்க முடியவில்லை. அப்போது அவருக்குள் இருந்த வியாபாரி முன்னால் வந்தார் என்று நான் நினைக்கிறேன். நிலம் விற்பனைக்கு வந்தால், அதை நாமே வாங்கினால் என்ன? தனியாக ஒரு தொழிலாளியால் ஒரு மரத்தைக்கூட வாங்க முடியாது. ஆயிரக்கணக்கான தொழிலாளிகள் சேர்ந்தால் தோட்டத்தையே வாங்கலாம். வெட்டாமல் முழுசாக நடத்தினால் தோட்டம் லாபம் தரும் என்பது அவருக்குத் தெரியும். அவர் வீட்டுக் கணக்குப் புத்தகமே அதைச் சொல்லும்.

1960 மே 14-ம் தேதி தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. ஒரு பங்கு நூறு வெள்ளி, அதை மாதம் பத்து வெள்ளியாகக் கட்டலாம். பத்து வெள்ளிதானே என்று நினைக்காதீர்கள். ஒரு பால்வெட்டுத் தொழிலாளியின் ஒரு நாள் கூலி அப்போது மூன்று வெள்ளிக்கு முன்பின். மூணு நாள் வேர்வையை ஒரு தாளை நம்பிக் கொடுக்கணும். ஏற்கனவே எத்தனையோ பேர் வசூல் பண்ணிக்கொண்டு போன சனங்கள். யார் நம்புவார்கள்?

அமைச்சராக இருந்தவர் தோட்டம் தோட்டமாகப் போனார். லயத்து முன்னாலும் கோயில் திடலிலும் நின்று, பங்கு என்றால் என்ன, கூட்டுறவு என்றால் என்ன என்று புரிகிற தமிழில் விளக்கினார். அடுத்த வருஷமே, நமக்குப் பக்கத்து மாநிலமான கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தைச் சங்கம் வாங்கியது. அது முதல் தோட்டம். அதற்குப் பிறகு ஒன்றன்பின் ஒன்றாகப் பல தோட்டங்கள். கூலியாகக் கப்பலேறி வந்தவர்களின் பிள்ளைகள், தாங்கள் வெட்டிய மரத்துக்குப் பங்குக்காரர்கள் ஆனார்கள். சங்கத்தின் லாபம் ஈவுத்தொகையாகவும் பிள்ளைகளின் படிப்புக்கு உதவியாகவும் திரும்பி வந்தது.

என் பாட்டியின் தோட்டத்தை யாரும் காப்பாற்றவில்லை. சங்கம் வருவதற்கு முன்பே அது போய்விட்டது. ஆனாலும் ஜோர்ஜ்டவுனில் வீட்டு வேலை செய்துகொண்டே பாட்டி பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டி ஒரு பங்கு வாங்கினார். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஏன் என்று கேட்டேன். நம்ம வீடு போன மாதிரி இன்னொரு வீடு போகக் கூடாது என்பதற்காக என்றார். அந்தப் பங்குப் பத்திரம் சாமி மேடைக்குக் கீழே ஒரு பிஸ்கட் டின்னில் கடைசி வரை இருந்தது.

முடியாமல் போனவை

ஒரு தலைவரைப் பற்றி எழுதும்போது நல்லதை மட்டும் எழுதினால் அது வாழ்க்கை வரலாறு ஆகாது. குறையையும் பார்ப்போம்.

எல்லாத் தோட்டத்தையும் சங்கத்தால் வாங்க முடியவில்லை. துண்டாடப்பட்டவை நிறைய. குடியுரிமை விஷயமும் அப்படித்தான். சுதந்திரம் வந்தபோது மொழித் தேர்வை முதல் ஓராண்டுக்குத் தளர்த்தினார்கள். விவரம் தெரிந்தவர்கள் மனு செய்தார்கள். தோட்டத்து உள்ளே இருந்த பலருக்குச் சேதியே போய்ச் சேரவில்லை, சேர்ந்தவர்களும் அலட்சியமாக இருந்துவிட்டார்கள். 1969-க்குப் பிறகு குடிமக்கள் அல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயம் ஆனபோது, சிவப்பு அடையாளக் கார்டோடு நின்ற ஆயிரக்கணக்கானோர் தாங்கள் மறந்தே போன ஊருக்குக் கப்பலேற வேண்டி வந்தது. பினாங்குத் துறைமுகத்தில் அப்போது அழாத குடும்பம் இல்லை என்று பாட்டி சொல்வார்.

சம்பந்தன் இன்னும் அழுத்திக் கேட்டிருக்க வேண்டும், ரொம்ப மெதுவான மனிதர் என்று விமர்சித்தவர்கள் உண்டு. அதில் நியாயம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஓட்டுப் பலம் இல்லாத சமுதாயத்தின் தலைவர் அவர். சத்தம் போட்டுக் கிடைக்காததைச் சங்கம் வைத்துச் சம்பாதித்தார் என்பதையும் சேர்த்தே எடை போட வேண்டும்.

நாற்காலியை விட்ட நாள்

1969 மே 13 கலவரத்துக்குப் பிறகு நாடு காயம்பட்டுக் கிடந்தது. 1972-ல் தேசிய ஒற்றுமை அமைச்சு உருவானபோது அதன் முதல் அமைச்சர் துன் சம்பந்தன். அடுத்த வருஷம், பிரதமர் துன் ரசாக் வெளிநாடு போயிருந்த சமயத்தில், ஒரு நாள் தற்காலிகப் பிரதமராகவும் இருந்தார்.

அதே 1973-ல் கட்சிக்குள் நெருக்கடி முற்றியது. துணைத் தலைவர் மாணிக்கவாசகத்தின் பக்கம் ஆதரவு பெருகியது. கட்சி இரண்டாகப் போகலாம் என்கிற நிலை. துன் ரசாக்கின் ஆலோசனையைக் கேட்டு, ஜூன் மாதக் கடைசியில் சம்பந்தன் தலைமைப் பதவியை விட்டு விலகினார். வலிக்காமல் இருந்திருக்காது. ஆனால் தனிக் கட்சி தொடங்கவில்லை, சங்கத்தை உடைக்கவில்லை. 1979 மே 18-ம் தேதி, அறுபது வயது நிறைய ஒரு மாதம் கூட இல்லாத நேரத்தில் காலமானார்.

பிரிக்ஃபீல்ட்ஸில் அவர் பெயரில் சாலை இருக்கிறது. அந்தப் பையன் சொன்ன மோனோரெயில் நிலையமும் இருக்கிறது. கோலாலம்பூரில் சங்கத்தின் கட்டடத்துக்கு விஸ்மா துன் சம்பந்தன் என்று பெயர். மூன்றில் எனக்கு மூன்றாவதுதான் பெரிசு. முதல் இரண்டும் அரசாங்கம் கொடுத்த மரியாதை. மூன்றாவது தொழிலாளிகளின் பத்துப் பத்து வெள்ளியால் வளர்ந்தது.

தம்பி, தங்கைகளே, நமக்கு எதுவும் இல்லை, யாரும் ஒன்றும் செய்வதில்லை என்று நாம் அடிக்கடி பேசுகிறோம். நானும் பேசியிருக்கிறேன். 1960-ல் லயத்தில் இருந்தவர்களிடம் நம்மைவிட என்ன அதிகமாக இருந்தது? பட்டம் இல்லை, கார் இல்லை, பலருக்குக் கையெழுத்துக்கூடத் தெரியாது. சேர்ந்து போட்டால் சேரும் என்கிற நம்பிக்கை மட்டும் இருந்தது. அதை நேர்மையாகக் கணக்குப் பார்த்து நடத்த ஒருவர் முன்வந்தார்.

உங்கள் வீட்டிலும் பழைய பெட்டி, பிஸ்கட் டின் ஏதாவது இருக்கும். தாத்தா பாட்டி இருந்தால் இந்த வாரமே கேளுங்கள், எந்தத் தோட்டம், எப்படி வந்தோம், யார் பங்கு கட்டினார்கள் என்று. கேட்டதை எழுதிக்கொண்டு அடுத்த ஞாயிறு வகுப்புக்கு வாருங்கள். அந்தப் பையனிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.