எச். ஏ. கிருட்டிணப் பிள்ளை

ஹென்றி ஆல்பிரட் கிருட்டிணப் பிள்ளை (ஏப்ரல் 23, 1827 - பெப்ரவரி 3, 1900) இரட்சணிய யாத்திரிகம் என்னும் தமிழ்க் காப்பியத்தை இயற்றிய கிறித்தவப் புலவர் ஆவார். இவர் கிறித்தவக் கம்பர் எனவும் அழைக்கப்படுகிறார். இயேசுவை மனிதருக்காகத் தம்மையே கொடுத்த பலியாகவும், அனைத்தையும் ஆளும் அரசராகவும் ஒருங்கே வழிபடும் கிறித்தவ மரபைத் தமிழ்க் காப்பிய நடையில் பாடியவர்களுள் இவர் முதன்மையானவர்.

வாழ்க்கைக் குறிப்பு

கிருட்டிணப் பிள்ளை திருநெல்வேலி மாவட்டத்தில் உள்ள கரையிருப்பு என்னும் ஊரில் வைணவ வேளாளர் குடும்பத்தில் பிறந்தார். பெற்றோர் சங்கர நாராயண பிள்ளை, தெய்வநாயகி அம்மையார். தந்தையார் கம்பராமாயணத்தில் புலமை உடையவர். ஆகவே இளமையிலேயே கம்பரின் பாடல்கள் இவருக்குப் பழக்கமாயின.

1853இல் சாயர்புரத்தில் இருந்த கிறித்தவக் கல்வி நிறுவனத்தில் தமிழாசிரியரானார். அங்கு கிறித்தவ நூல்களைப் படிக்கவும் கிறித்தவ நண்பர்களுடன் உரையாடவும் வாய்ப்பு ஏற்பட்டது. 1858இல், தமது முப்பத்தோராம் அகவை அளவில், சென்னையில் திருமுழுக்குப் பெற்று ஹென்றி ஆல்பிரட் என்னும் பெயரை ஏற்றார். தினவர்த்தமானி இதழின் துணையாசிரியராகவும் பணியாற்றினார். பின்னர்த் திருநெல்வேலிப் பகுதியிலும் திருவனந்தபுரத்திலும் தமிழ் கற்பித்தார்.

காலச் சூழல்

இன்று விருதுநகர் மாவட்டத்தில் உள்ள சிவகாசி, சாத்தூர், திருவில்லிபுத்தூர் ஆகிய ஊர்கள் 1910 வரை திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தன. 1850களில் தாமஸ் ராக்லாந்து முதலிய ஆங்கிலிக்கப் பணியாளர்கள் இவ்வட பகுதியில் கூடாரமிட்டுத் தங்கி, ஊர் ஊராகச் சென்று சமயப் பரப்புரை செய்தனர். கிருட்டிணப் பிள்ளை திருமுழுக்குப் பெற்ற அதே 1858இல் ராக்லாந்து சிவகாசியில் காலமானார்.

திருவில்லிபுத்தூர் பெரியாழ்வாரும் ஆண்டாளும் தோன்றிய ஊராகும். இறைவனை அன்புக்குரியவனாகவும் உலகாளும் தலைவனாகவும் ஒருசேரப் போற்றும் அவ்வாழ்வார்களின் மரபிலேயே கிருட்டிணப் பிள்ளையின் குடும்பமும் வழிபட்டு வந்தது. ஆதலின் அரசனாகிய இறைவன் என்னும் கருத்து இவருக்குப் புதிதன்று. அந்த அரசன் குற்றவாளியைப் போலக் கொல்லப்பட்டான் என்பதே புதிது.

இரட்சணிய யாத்திரிகம்

இந்நூல் ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட பில்கிரிம்ஸ் பிராகிரஸ் என்னும் ஆங்கில உருவகக் கதையைத் தழுவியது. ஆதி பருவம், குமார பருவம், நிதான பருவம், ஆரணிய பருவம், இரட்சணிய பருவம் என்னும் ஐந்து பருவங்களையும் 3766 பாடல்களையும் உடையது. பாளையங்கோட்டையிலிருந்து வெளிவந்த நற்போதகம் இதழில் பதின்மூன்று ஆண்டுகள் தொடராக வந்து, 1894இல் நூலாக வெளியிடப்பட்டது.

பனியனின் கதையில், பயணி சிலுவையைக் கண்டதும் அவன் முதுகில் இருந்த சுமை விழுந்துவிடுகிறது. இயேசுவின் பாடுகள் அங்கு விரித்துரைக்கப்படவில்லை. கிருட்டிணப் பிள்ளையோ குமார பருவத்தில் இரட்சணிய சரிதப் படலம் என்னும் பகுதியை அமைத்து, இயேசுவின் இறுதி நிகழ்வுகளை விரிவாகப் பாடினார். இது வெறும் மொழிபெயர்ப்பாக இந்நூலைக் கருத இயலாது என்பதற்குச் சிறந்த சான்றாகும்.

பலியும் அரசும்

விவிலியத்தின்படி, இயேசுவை எள்ளி நகையாடவே படைவீரர் அவருக்கு முள்முடி சூட்டிச் செந்நிற ஆடை அணிவித்தனர். சிலுவையின்மேல் அவரை யூதரின் அரசர் எனக் குறிக்கும் பலகையும் வைக்கப்பட்டது. ஏளனமாகத் தரப்பட்ட இவ்வரச அடையாளங்களைக் கிறித்தவ வழிபாடு உண்மையென ஏற்கிறது. திருவெளிப்பாடு நூலில் கொல்லப்பட்ட ஆட்டுக்குட்டியே அரியணையில் வீற்றிருந்து வணக்கம் பெறுகிறது.

கிருட்டிணப் பிள்ளை இக்கருத்தைப் பாத்திரத்தின் செயலால் புலப்படுத்துகிறார். இயேசுவைக் கட்டியது கயிறு அன்று, தம்மைப் பகைத்தோர் மீதும் அவர் கொண்ட அன்பே என்கிறார். அவரது அமைதி வலிமையின்மை அன்று, தண்டிக்கும் ஆற்றலுடையவர் அதனைப் பயன்படுத்தாது நிற்கும் பொறுமை ஆகும். இக்கொடுமையைக் கண்டும் நிலம் பிளக்கவில்லையே, வானம் இடிந்து விழவில்லையே என வருந்தும் குரலும் காப்பியத்தில் ஒலிக்கிறது. படைப்பு முழுவதற்கும் உரிய தலைவரே துன்புறுகிறார் என்பதை இது உணர்த்துகிறது.

முடி இழந்து காடு செல்லும் இராமனைக் கம்பர் பாடியதுடன் இதனை ஒப்பிடலாம். முடி நீங்கியும் இராமனின் பெருமை குன்றவில்லை. இங்கு முள்முடியே முடியாகிறது. ஆயினும் இராமனின் துயரம் முடிசூட்டு விழாவுடன் நீங்குகிறது. இயேசுவின் அரசுரிமையோ அவரது பலியிலிருந்து பிரிக்க இயலாததாகக் காட்டப்படுகிறது.

பிற நூல்கள்

இரட்சணிய மனோகரம், போற்றித் திருவகவல், இரட்சணிய சமய நிர்ணயம் ஆகியவையும் இவர் இயற்றியவை. இரட்சணிய மனோகரம் பக்திப் பாடல்களின் தொகுப்பாகும். தாம் கிறித்தவரான வரலாற்றையும் உரைநடையில் எழுதியுள்ளார்.

இரட்சணிய சரிதப் படலத்தின் ஒரு பகுதி தமிழ்நாட்டரசின் பன்னிரண்டாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் சேர்க்கப்பட்டதால், பல சமயங்களைச் சேர்ந்த மாணவர்களும் இக்காப்பியத்தைப் பயின்றுள்ளனர்.