நாங்கூழை ஆராய்ந்த நல்லறிஞர்

குரங்கிலிருந்து மனிதன் வந்தான் என்று சொன்னவர் என்ற அளவிலேயே சார்ல்ஸ் டார்வினை நம்மவரிற் பலர் அறிவர். அதுவுந் திரிபுற்ற செய்தியே. அவருடைய இறுதி நூல் மண்புழுவைப் பற்றியது என்பதை அறிந்தோர் மிகச் சிலர்.

1809 பெப்ரவரி 12இல் இங்கிலாந்தின் சுரூஸ்பரி நகரிற் பிறந்தார் டார்வின். பீகிள் கப்பலில் உலகைச் சுற்றி 1836இல் மீண்டார். அவருடைய தாய்மாமன் யோசையா வெட்ஜ்வுட், புல்வெளியிற் பல்லாண்டுக்குமுன் இட்ட சுண்ணாம்பும் கரியும் மண்ணுள் ஆழ்ந்திருப்பதைக் காட்டி, இது புழுக்களின் வேலையோ என ஐயுற்றார். அவ்வையமே வித்தாயிற்று. 1837இல் இலண்டன் புவியியற் கழகத்தில் அதுபற்றிக் கட்டுரை படித்தார் டார்வின்.

1842இல் டவுன் என்னுஞ் சிற்றூரிற் குடியேறியவர், அவ்வாண்டே அருகிருந்த வயலொன்றிற் சுண்ணக்கற்களைப் பரப்பச் செய்தார். 1871இல் அவ்விடத்தை அகழ்ந்தபோது கற்கள் 7 அங்குல ஆழத்திற் கிடந்தன. ஒரு வினாவின் விடைக்காக 29 ஆண்டு பொறுத்திருந்தார்! அங்குல மண் மேலெழ ஏறத்தாழ நான்காண்டு சென்றது. காடழித்துக் காப்பியும் பின்னர் தேயிலையும் நட்ட நம் திம்புள்ளச் சரிவுகளிலோ, களையோடு காப்பையும் இழந்த மேல்மண்ணை மழை கொத்மலை ஓயாவுக்கு வாரிக்கொடுத்தது. அவ்விழப்பின் அளவை உணர இக்கணக்கு உதவும்.

முதுமையில், நோயுற்ற உடலோடு, சட்டிகளிற் புழுக்களை வளர்த்தார். வீட்டார் ஊதுகுழலும் பியானோவும் இசைத்தனர், புழுக்கள் பொருட்படுத்தவில்லை. சட்டியைப் பியானோவின் மீதே வைத்து இசைத்தபோது, அதிர்வுணர்ந்து வளைக்குள் ஒடுங்கின. செவியில்லை, ஆயின் உணர்வுண்டு எனத் தெளிந்தார்.

1881இல் நூல் வெளிவந்தது. இங்கிலாந்தின் பல பகுதிகளில் ஏக்கருக்கு ஆண்டுதோறும் 10 தொன்னுக்கு மேற்பட்ட மண் புழுக்களின் உடல்வழியே மேல்வருகிறது எனக் கணித்தார். கல்கத்தாத் தாவரத் தோட்டத்துக் கிங் என்பார் இலங்கையிற் கண்ட ஈரடி நீளப் புழுவும் அந்நூலில் இடம்பெற்றது. 1891இல் வெளிவந்த சுந்தரம்பிள்ளையின் மனோன்மணீயம் நாங்கூழ்ப் புழுவை உழவனாகப் போற்றுவதைத் தமிழ் பயின்றோர் அறிவர்.

அதே 1881இல் சுவீடன் நாட்டு நதோர்ஸ்ட், பாறைகளிற் கடற்பாசியின் பதிவுகள் எனக் கருதப்பட்ட பல வரிகள் புழு முதலியன ஊர்ந்த தடங்களே என நிறுவினார். உடல் மாய்ந்தும் வளை எஞ்சும் அன்றோ! இன்று ஆழ்கடலில் மீத்தேன் வாயு கசியும் சேற்றை ஆராய்வோர் தேடுவதும் அத்தகைய வளைகளையே. உயிர்வளி அரிதாகி நச்சுக் கந்தகச் சேர்மம் மிகுந்த அவ்விருட்சேற்றினுள்ளும், வளைவழியே மேல்நீரை இறக்கிப் பிழைக்கும் உயிர்கள் உள. வளையைச் சூழ்ந்து சுண்ணம் இறுகிக் கல்லாவதும் உண்டு.

1882 ஏப்ரல் 19இல் டார்வின் மறைந்தார். டவுன் ஊர்க் கல்லறைத் தோட்டத்து மண்ணில் அடங்கவே எண்ணியிருந்தார். அறிஞர் பலர் முயன்று, அவருடலை வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தின் கற்றளத்தின்கீழ் வைத்தனர்.