கடல் அரிமா அஹ்மத் இப்னு மாஜித்

நிலத்திலே நடப்பவனுக்கு மலையும் மரமும் ஊரும் ஆறும் வழிகாட்டி நிற்கின்றன. கரை மறைந்த கடலிலே செல்பவனுக்கோ காணுமிடமெல்லாம் நீர்; தலைக்குமேல் வானம். இருள் சூழ்ந்த நிலத்திலும் கடலிலும் மாந்தர் வழியறியும் பொருட்டு விண்மீன்கள் அமைக்கப்பட்டன என்னும் கருத்தைத் திருக்குர்ஆன் நமக்கு உணர்த்துகின்றது. அக்கருத்தையே தம் தொழிலாகவும் கல்வியாகவும் கொண்டு வாழ்ந்த அறிஞர் ஒருவரின் வரலாற்றை இங்குக் காண்போம். அவர் பெயர் அஹ்மத் இப்னு மாஜித். இந்தியப் பெருங்கடலின் வழிகளை எழுத்தில் வடித்துத் தந்த அப்பெருமகனார் மீது அவர் மறைவிற்குப் பின் பெரும்பழி ஒன்று சுமத்தப்பட்டது. அப்பழி நிற்கத் தக்கதுதானா என்பதையும் நாம் ஆராய்தல் வேண்டும்.

பிறப்பும் குலமும்

பாரசீக வளைகுடாவின் கரையில், இன்றைய ஐக்கிய அரபு அமீரகத்தின் ராஸ் அல் கைமாப் பகுதியில், ஜுல்ஃபார் என்னும் பழந்துறைமுகம் இருந்தது. 15ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இப்னு மாஜித் அவ்வூரில் பிறந்தார் என்பர். அவருடைய பாட்டனாரும் தந்தையாரும் கப்பல் செலுத்துவதில் தேர்ந்த முஅல்லிம்கள். முஅல்லிம் என்னும் அரபுச் சொல்லுக்குக் கற்பிப்பவர் என்பது பொருள். கடலில் வழியறிந்து கலம் செலுத்துபவரையும் அராபியர் அப்பெயராலேயே அழைத்தனர். அச்சொல்லே தமிழ்க் கரையை அடைந்து மாலுமி என வழங்கலாயிற்று. நாம் நாள்தோறும் எடுத்தாளும் இச்சொல்லுக்குள் ஆசிரியர் என்னும் பொருள் அடங்கியிருப்பதை மாணவர்கள் மனங்கொள்ள வேண்டும். இப்னு மாஜித்தின் மீது வந்த பழியை ஆராயுங்கால் இச்சொல் நமக்கு மீண்டும் துணைபுரியும்.

தந்தையார் செங்கடலின் இரு கரைகளையும் நன்கறிந்தவர். பவளப் பாறைகள் நிறைந்த அக்கடலின் வழிகளை ஆயிரம் அடிகளுக்கு மேற்பட்ட செய்யுள் நூலாக யாத்தவர். பாட்டனார் அறிந்ததைத் தந்தையார் சோதித்துத் திருத்தினார். தந்தையார் எழுதியதை மகனார் மீண்டும் கடலில் சோதித்துத் திருத்தினார். முன்னோர் சொல் என்பதற்காக ஒன்றை ஏற்றுக்கொள்ளாமல் அளந்து பார்த்தே ஏற்பது அக்குடும்பத்தின் மரபாயிற்று.

விண்மீன்களால் வகுத்த திசைகள்

இப்னு மாஜித் காலத்து அராபியக் கடலோடிகள் அடிவானத்தை 32 பகுதிகளாகப் பிரித்தனர். ஒவ்வொரு பகுதிக்கும் ‘கன்’ என்று பெயர். ஒரு கன் இன்றைய அளவில் பதினொன்றேகால் பாகையாகும். வடக்கே துருவ மீனாகிய ஜாஹ். தெற்கே சுஹைலின் துருவம். இவ்விரண்டுக்கும் இடையில் 15 விண்மீன்களை வரிசைப்படுத்தினர். அவை எழும் இடங்களால் கிழக்குப் பக்கத்துத் திசைகள் 15. மறையும் இடங்களால் மேற்குப் பக்கத்துத் திசைகள் 15. துருவங்கள் இரண்டையும் கூட்ட 32 ஆகும். திசையின் பெயரைச் சொன்ன அளவிலேயே அங்கு எழும் மீனும் கடலோடியின் நினைவிற்கு வந்துவிடும்.

அம்மீன்களுட் பல நமக்கும் அறிமுகமானவையே. நஅஷ் என்பது நாம் எழுமீன் என்றும் சப்தரிஷி மண்டலம் என்றும் கூறுவது. சிமாக் நம் சுவாதி. துரையா நம் கார்த்திகை. நேர்கிழக்கிற்குப் பெயர் தந்த தாஇர் நம் திருவோணம். அக்ரப் தேளின் நெஞ்சாகிய கேட்டை. சுஹைல் நம் அகத்திய மீன். மொழி வேறாயினும் வானம் ஒன்றேயன்றோ!

காந்த ஊசியும் அக்காலத்தில் வழக்கில் இருந்தது. நம் கடற்கரைக் கப்பல்காரர் சமுக்கா என வழங்கிய திசைகாட்டியை அராபியர் ‘ஹுக்கா’ என்றனர். பெட்டி என்பது அதன் பொருள். திசைகாட்டியைக் கண்டுபிடித்தவரே இப்னு மாஜித் என்று பிற்காலக் கடலோடிகள் நம்பியதுண்டு. எனினும் அவருக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே சீனர் அதனை அறிந்திருந்தனர். இல்லாத பெருமையை ஏற்றிச் சொல்ல வேண்டிய தேவை அவருக்கு இல்லை.

விரலும் சாமமும்

திசை மட்டும் தெரிந்தால் போதாது. எவ்வளவு வடக்கே அல்லது தெற்கே வந்துள்ளோம் என்பதும் தெரிய வேண்டும். இதற்கு அராபியர் கொண்ட முறை மிக எளிது. கையை நீட்டி, அடிவானத்திற்கும் துருவ மீனுக்கும் இடைப்பட்ட உயரத்தை விரல்களால் அளந்தனர். அந்த அளவுக்கு ‘இஸ்பஃ’ என்று பெயர். விரல் என்பதே அதன் பொருள். வானவட்டம் முழுமைக்கும் 224 விரல் எனக் கணக்கிட்டனர். ஆகவே ஒரு விரல் ஏறத்தாழ ஒன்றரைப் பாகைக்குச் சற்று மிகுதி. நாளடைவில் விரலுக்கு மாற்றாக மரத்துண்டுகள் வந்தன. முடிச்சிட்ட கயிற்றை மரப்பலகையிற் கோத்து, கயிற்றைப் பல்லிற் கடித்துப் பலகையை நீட்டி அளக்கும் கருவியும் அவ்வகையைச் சார்ந்ததே. இவ்வாறு மீனின் உயரம் அளப்பதைக் ‘கியாஸ்’ என்றனர்.

துருவ மீன் அக்காலத்தில் வானத்தின் உண்மைத் துருவத்திலிருந்து மூன்று பாகைக்கு மேல் விலகியிருந்தது. எனவே அளந்த கணக்கை அப்படியே கொள்ளுதல் பிழையாகும். சந்திரன் தங்கும் 28 மனைகளின் நிலையை நோக்கித் திருத்தம் செய்யும் முறையை அவர்கள் அறிந்திருந்தனர். அத்திருத்தத்திற்குப் ‘பாஷி’ என்று பெயர்.

கடல் தொலைவை ‘ஸாம்’ என்னும் அளவாற் கூறினர். மூன்று மணி நேரம் கலம் ஓடும் தொலைவு ஒரு ஸாம். பகலும் இரவும் சேர்ந்த ஒரு நாளுக்கு எட்டு ஸாம். நேர்வடக்காக எட்டு ஸாம் ஓடினால் துருவ மீன் ஒரு விரல் உயரும் என்பது கணக்கு. நம் சாமமும் மூன்று மணி நேரமே என்பதை ஒப்பிட்டு நோக்குதல் இன்பம் தரும்.

கலம் செல்லும் வழி ‘தீரா’ எனப்பட்டது. அது மூவகை: கரையைக் கண்டுகொண்டே செல்வது ஒன்று, ஒரு கரையிலிருந்து எதிர்க்கரைக்கு நேராகப் பெருங்கடலைக் கடப்பது மற்றொன்று, கரை காணாத நடுக்கடலில் திசைமாற்றிச் செல்வது மூன்றாவது. நீரின் நிறம், மிதக்கும் பாசி, கடற்பாம்பு, பறவை ஆகியவற்றைக் கொண்டு கரையின் அணிமையை உணர்வது ‘இஷாரா’ எனப்பட்டது. காற்றுக்குரிய காலம் ‘மௌசிம்’. ஐரோப்பியர் நாவிற் புகுந்து மான்சூன் ஆனது இச்சொல்லே.

இயற்றிய நூல்கள்

இப்னு மாஜித் இயற்றியனவாக ஏறத்தாழ 40 நூல்கள் கூறப்படுகின்றன. பெரும்பாலானவை செய்யுள். கடலில் ஏட்டைப் புரட்டிக்கொண்டிருக்க இயலாது. மனப்பாடமாய் நிற்பதே உதவும் என்பதை அறிந்தே அவர் செய்யுளைத் தேர்ந்தார் எனலாம். 1462இல் ஜுல்ஃபாரில் முடித்த ‘ஹாவியா’ என்னும் செய்யுள் நூல் ஆயிரம் அடிகளைக் கடந்தது. 1490இல் இயற்றிய ‘ஃபவாயித்’ என்னும் உரைநடை நூலே அவருடைய நூல்களுள் தலையாயது. பன்னிரண்டு பகுதிகளைக் கொண்ட அந்நூல் நூஹ் நபியவர்களின் கப்பலில் தொடங்கி, சந்திர மனைகள், திசைகள், வழிகள், மீனளவை, கரைகள், பெருந்தீவுகள், காற்றுக் காலங்கள் ஆகியவற்றை விளக்கிச் செங்கடலில் முடிகின்றது. அத்தீவுகளுள் இலங்கையும் சுமத்ராவும் ஜாவாவும் அடங்கும்.

தமக்கு முன்பிருந்த புகழ்மிக்க கடலறிஞர் மூவரை அவர் மதித்தார். கடலின் அரிமாக்கள் என்றார். ஆயினும் அவர்கள் தாமே கடலோடி அறிந்ததைவிடக் கேட்டுத் தொகுத்ததே மிகுதி என்று வெளிப்படையாகச் சுட்டினார். அம்மூவர்க்குப் பின் நான்காமவர் தாமே எனவும் எழுதிக்கொண்டார். தன்மதிப்பு மிக்கவர்தாம், எனினும் அம்மதிப்பு சோதித்தறிந்த அறிவின் மீது எழுந்தது.

மாலுமிக்குரிய இலக்கணம்

ஃபவாயிதில் மாலுமிக்குரிய ஒழுக்கத்தையும் இப்னு மாஜித் வகுத்துள்ளார். கலம் கரையில் இருக்கும்போதே அதன் குறைகளை ஆராய்ந்தறிதல் வேண்டும். குறைவாக உறங்குதல் வேண்டும். பொறுமையும் நீதியும் வேண்டும். அளவுக்கு மீறிப் பாரம் ஏற்ற இசையலாகாது. கடலில் இருப்பவன் இறைவனின் விருந்தினன் ஆதலால் தூய்மையோடும் இறைநினைவோடும் இருத்தல் வேண்டும் என்பன அவர் கூறும் கருத்துகள்.

மாலுமிகளை அவர் மூவகையாகப் பிரிக்கின்றார். ஒருமுறை தப்பியும் ஒருமுறை தவறியும் போய்வருபவர் கடையர். தாம் பழகிய கடல்களில் தேர்ந்தவராயினும் இறந்தபின் மறக்கப்படுபவர் இடையர். எல்லாவற்றையும் அறிந்து, அறிந்ததை எழுதி, தமக்குப் பின்னும் பயன்படுமாறு விட்டுச்செல்பவரே தலையாயவர். கல்வி ஓர் அமானிதம் என்று இஸ்லாம் கூறும் கருத்தின் விளக்கமாகவே இப்பகுப்பு அமைந்துள்ளது.

சுமத்தப்பட்ட பழி

1498 ஏப்ரலில் வாஸ்கோட காமா ஆப்பிரிக்கக் கரையிலுள்ள மலிந்தியை அடைந்தார். அவ்வூர் மன்னர் தந்த மாலுமி ஒருவரின் துணையால் மே மாதம் 20ஆம் நாள் கோழிக்கோட்டை அடுத்த கரையில் நங்கூரம் இட்டார். அதன் விளைவுகளை நாம் அறிவோம். 1502இல் மக்காவிலிருந்து திரும்பிய பயணிகளோடு ஒரு கப்பலையே அவர் எரித்தழித்தார். மலபார் முஸ்லிம்களின் கடல் வாணிகம் நலிந்தது. குஞ்ஞாலி மரைக்காயர்கள் தலைமுறை தலைமுறையாகப் போராட நேர்ந்தது. இக்கேடுகளுக்கெல்லாம் வழிகாட்டியவர் இப்னு மாஜித் என்பதே அவர்மீது வந்த பழி.

இதனை முதலில் எழுதியவர் மக்காவில் வாழ்ந்த குத்புத்தீன் நஹ்ரவாலி என்னும் வரலாற்றாசிரியர். மதுமயக்கத்தில் இப்னு மாஜித் பறங்கியர்க்கு வழி சொல்லிவிட்டார் என்பது அவர் கூற்று. 20ஆம் நூற்றாண்டில் ஃபெராந்து என்னும் பிரெஞ்சு அறிஞர், பாரிசில் இருந்த இப்னு மாஜித்தின் சுவடிகளை உலகறியச் செய்தபோது இக்கதையையும் ஏற்றுக்கொண்டார். அதன்பின் பாடநூல்கள் பலவும் இதனை எழுதின. சிலர் இதையே பெருமையாகக் கொண்டனர், சிலர் இகழ்ந்தனர். புகழ்ந்தவரும் இகழ்ந்தவரும் ஆராயாமல் ஒரே கதையின் மீது நின்றனர்.

பழியை அளந்து நோக்கல்

இப்னு மாஜித் மீனை அளந்ததுபோல் நாமும் இக்கதையை அளந்து பார்ப்போம்.

முதலாவது, காலம். நஹ்ரவாலி பிறந்தது 1511இல். நிகழ்ச்சி நடந்து 13 ஆண்டுகளுக்குப் பின்பு. அவர் அந்நூலை எழுதியதோ மேலும் பல பத்தாண்டுகள் கழித்து. கண்டவர் சான்று அது அன்று.

இரண்டாவது, போர்த்துகீசியர் சான்று. உடன்சென்ற ஒருவரின் பயணக்குறிப்பு அம்மாலுமியைக் கிறித்தவர் என்கிறது. இந்துக்களையும் கிறித்தவர் என்றே அப்பயணிகள் பிறழ உணர்ந்தனர் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. பிற்கால வரலாற்றாசிரியர் பாரோஸ் அவரைக் குஜராத்து முஸ்லிம் என்றும், மலேமோ கானா என்றும் குறிக்கின்றார். வேறொருவர் கானாகா என்பர். ஜுல்ஃபார் அராபியர் என எவரும் கூறவில்லை.

மூன்றாவது, அப்பெயர். மலேமோ என்பது முஅல்லிமின் திரிபு. அதாவது நம் மாலுமி. கானாகா என்பது கணித்துக் கூறுபவரைக் குறிக்கும் கணகன் என்னும் வடசொல்லின் திரிபு என்பர். நம் கணக்கன் என்னும் சொல்லோடு ஒப்பிடத்தக்கது. ஆகவே அது ஒருவரின் இயற்பெயரே அன்று. வானம் கணிக்கும் மாலுமி என்னும் தொழிற்பெயர். அத்தொழில் செய்தோர் பலர். அவருள் புகழ்மிக்க ஒருவர் மீது பிற்காலத்தார் பழியை ஏற்றிவிட்டனர்.

நான்காவது, அவ்வழி மறைபொருளன்று. இந்திய வணிகர்கள் மலிந்தியில் அப்போதே இருந்தனர். பருவக்காற்றைப் பற்றிக் கடலைக் கடப்பது பல நூற்றாண்டு வழக்கம். மயக்கத்தில் வெளியிடுவதற்கு அதில் இரகசியம் ஏதுமில்லை. காற்றின் காலத்தைப் பொருட்படுத்தாமல் திரும்பிய அதே வாஸ்கோட காமா, 26 நாளில் வந்த கடலைக் கடக்க ஏறத்தாழ மூன்று மாதம் அலைந்ததும், மாலுமிகள் பலரை நோய்க்கு இழந்ததும் காற்றறிவின் அருமையைக் காட்டும்.

பிற்காலத்தே, 1957இல் லெனின்கிராடு நகரில் ஷுமோவ்ஸ்கி வெளியிட்ட சுவடிகளுள் ஒன்றில், பறங்கியர் கோழிக்கோட்டுக்கு வந்த செய்தி இடம்பெறுகின்றது. அவ்வடிகள் இடைச்செருகல் என்பார் உளர். அவருடையவை என்றே கொண்டாலும், வந்த செய்தியை அறிந்திருந்தார் என்பதற்கன்றி வழிகாட்டினார் என்பதற்கு அவை சான்றாகா. திபெட்ஸ், இப்ராஹீம் கூரி முதலிய ஆய்வாளர்கள் இக்கதையை ஏற்கவில்லை.

நிலைத்த புகழ்

1500ஆம் ஆண்டையொட்டி எழுதிய செய்யுளுக்குப் பின் இப்னு மாஜித்தைப் பற்றிய செய்தி இல்லை. ஆனால் அவர் நூல்கள் கடலோடின. கப்பற்படையை இழந்து குஜராத்தில் ஒதுங்கிய துருக்கியக் கடற்றலைவர் சீதீ அலீ, 1554இல் அகமதாபாத்தில் ‘முஹீத்’ என்னும் நூலை எழுதியபோது, இப்னு மாஜித்தின் நூல்களையே பெருந்துணையாகக் கொண்டார். 1854இல் ஏடனிலிருந்து புறப்பட்ட கடலோடிகள் ஷெய்கு மாஜித் பேரால் ஃபாத்திஹா ஓதியதை ஆங்கிலேயப் பயணி பர்ட்டன் பதிவு செய்துள்ளார். வகுத்துரைத்த மூவகையுள் தலையாய வகையில் தாமே நின்றுவிட்டார் அப்பெருமகனார்.

ஆராயாது எழுதிய ஒரு செய்தி, அறிஞர் ஒருவரின் நற்பெயரை நான்கு நூற்றாண்டுகளுக்கு மேலாகக் கறைப்படுத்தியது. கேட்டதை அளக்காமல் எழுதலாகாது என்பதே அவர் தம் நூல்களில் வற்புறுத்திய நெறி. கற்பிப்பவர் என்னும் பொருளைத் தாங்கிய மாலுமி என்னும் சொல்லைப் பேசும் தமிழ் மாணவர்கள், அந்நெறியைத் தம் கல்வியிற் கடைப்பிடிப்பார்களாக!