தங்கத்துக்காக ஓடாதவர்... குழந்தைகளுக்காக விசில் ஊதினார்!

1924, பாரிஸ் ஒலிம்பிக். 100 மீட்டர் ஓட்டத்தில் பிரிட்டன் பெரிதும் நம்பியிருந்த வீரர், ஸ்காட்லாந்தைச் சேர்ந்த எரிக் லிடெல். வயசு 22. ஆனா, போட்டி அட்டவணையில் ஒரு சிக்கல். தகுதிச் சுற்று ஞாயிற்றுக்கிழமை!

எரிக்குக்கு ஞாயிறு என்பது கர்த்தருடைய நாள். அன்னைக்கு ஓட மாட்டேன்னு பல மாதங்களுக்கு முன்பே சொல்லிட்டார். இறுதிச்சுற்று ஞாயிறன்று வந்ததால் இரண்டு ரிலே ஓட்டங்களையும் விட்டுவிட்டார். விமர்சனம் வந்தது, அவர் அசையவில்லை. பதிலாக 200, 400 மீட்டருக்குத் தயாரானார். 200-ல் வெண்கலம். 400-ல் 47.6 விநாடிகளில் உலக சாதனையோடு தங்கம்!

ஆஸ்கர் வாங்கிய ‘சேரியட்ஸ் ஆஃப் ஃபயர்’ படம் சொல்வது இந்தக் கதையைத்தான். ஆனா, எரிக்கின் பெரிய முடிவுகள் இதுக்கு அப்புறம்தான் வந்தன.

அடுத்த வருஷமே, புகழின் உச்சியில் இருந்தபோதே சீனாவுக்குக் கிளம்பிட்டார். மிஷனரி பெற்றோருக்கு 1902-ல் அவர் பிறந்த தியான்ஜின் நகரில் பள்ளி ஆசிரியரானார். பிறகு கிராமங்களில் ஊழியம்.

1941-ல் போர்ச் சூழல் மோசமானது. கர்ப்பிணி மனைவி ஃப்ளோரன்ஸையும் இரண்டு மகள்களையும் கனடாவுக்குக் கப்பலேற்றிவிட்டு, தான் மட்டும் தங்கிவிட்டார். கனடாவில் பிறந்த மூன்றாவது மகளை அவர் ஒருமுறைகூடத் தூக்கிக் கொஞ்சவில்லை.

1943-ல் ஜப்பானியர்கள் அவரை வெய்சியன் முகாமில் அடைத்தார்கள். பெற்றோரைப் பிரிந்த பிள்ளைகள் பலர் அங்கே இருந்தனர். எரிக் அவர்களுக்குப் பாடம் நடத்தினார், விளையாட்டு சொல்லிக்கொடுத்தார். ஞாயிறு மட்டும் விளையாட்டு கிடையாது. ஒரு ஞாயிறு, பிள்ளைகள் தாங்களாகவே ஹாக்கி ஆட, நடுவர் இல்லாமல் அது அடிதடியில் முடிந்தது. அதன்பின் ஒரு ஞாயிறு, மைதானத்தில் நடுவராக நின்றது யார் தெரியுமா? எரிக்கேதான்!

ஒலிம்பிக் தங்கத்துக்காகக்கூட விட்டுக்கொடுக்காத ஞாயிறு அது. தன் பெருமைக்காக அதைத் தொடாதவர், பிள்ளைகள் அடித்துக்கொள்ளக் கூடாதுன்னு விட்டுக்கொடுத்தார். விசுவாசம் அவருக்கு வெறும் சட்டப்புத்தகம் இல்லை.

மூளைக் கட்டியால் 1945 பிப்ரவரி 21 அன்று முகாமிலேயே இறந்தார். வயசு 43. ஆறே மாதத்தில், அந்த முகாமின் கதவுகள் திறந்தன. அவரிடம் விளையாடிய பிள்ளைகள் வீடு திரும்பினார்கள்.